லைன் கிடைக்காத இரவுகள்



நம் சமுதாயத்தைப் போல் தொலைபேசியை நம்பி வாழ்ந்த சமுதாயம் பிறிதொன்று உண்டா என்பது ஐயமே. கடற்கரையோர ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது சபர் சென்றிருப்பர். பாட்டன்மார் கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறினர். பேரன்மார் ஜித்தாவுக்கும் துபைக்கும் விமானம் ஏறினர். முன்னவர்களின் நலம் கடிதத்தில் வந்தது. அவசரமென்றால் தந்தியில் வந்தது. பின்னவர்களின் நலம், ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வெள்ளிக்கிழமைப் பகலில், மணியொலியாக வந்தது. அந்த மணி ஒலிக்க ஐந்து நிமிடம் தாமதமானாலும் சோறு இறங்காத தாய்மார்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

நான் அறிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைபேசித் துறையில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, பின்னர் எக்ஸ்சேஞ்சின் உட்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ரிசீவரைக் காதில் வைத்துத் தவிக்கும் மனிதரையும் கண்டிருக்கிறேன். அவர் தவிக்கும் அதே நேரத்தில் இயந்திரத்தின் உள்ளே நடப்பதையும் கண்டிருக்கிறேன். அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கு எழுத விழைகிறேன்.

பழைய தொலைபேசியில் இருவகை மறுப்பொலிகள் இருந்ததைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நாம் அழைக்கும் எண்ணுக்குரியவர் வேறொருவருடன் பேசிக் கொண்டிருந்தால், முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி ஓயும் நிதானமான ஒலி வரும். இதைத்தான் எங்கேஜ்ட் என்று சொல்வோம். தடமே கிடைக்காவிட்டால் வருவது வேறு ஒலி. கால் விநாடி ஒலித்துக் கால் விநாடி ஓயும். முன்னதைவிட மும்மடங்கு விரைவு. அஞ்சியிருப்பவரின் நெஞ்சுத் துடிப்பை ஒத்திருக்கும். முதல் ஒலிக்குப் பொருள், "அவர் இருக்கிறார், பேசிக் கொண்டிருக்கிறார்" என்பதாகும். இரண்டாவது ஒலிக்கு அவரைப் பற்றிய பொருளே இல்லை. அழைப்பு அவர் வீட்டு வாசல் வரைகூடச் செல்லவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் கேட்கும் காதுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் கெட்ட சகுனமாகவே மனம் எடுத்துக் கொள்கிறது.

தடம் ஏன் கிடைப்பதில்லை? பள்ளிவாசலில் ஐந்நூறு பேர் தொழ இடமிருக்கும். ஒளுச் செய்யும் குழாய்களோ இருபதுதான் இருக்கும். ஐந்நூறு குழாய் ஏன் வைக்கவில்லை என்று எவரும் ஜமாஅத்தாரைக் கேட்பதில்லை. எல்லாரும் ஒரே நிமிடத்தில் ஒளுச் செய்ய வருவதில்லை என்பது அனைவருக்கும் தெரியும். தொலைபேசியும் இந்தக் கணக்கில்தான் அமைக்கப்பட்டது. இக்கணக்கை ஒழுங்குபடுத்தித் தந்தவர் ஆக்னர் கிராரூப் எர்லாங் என்னும் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய அவர், 1909-இல் தமது முதல் ஆய்வுரையையும், 1917-இல் இன்றளவும் பயன்படும் சூத்திரத்தையும் வெளியிட்டார். பேச்சு நெருக்கடியை அளக்கும் அலகுக்கே அவர் பெயர்தான் வைக்கப்பட்டுள்ளது.

அவர் சூத்திரப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஓர் ஊரில் 1,000 தொலைபேசிகள். நாளிலேயே மும்முரமான ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குச் சராசரி 3 நிமிடம் வெளியூருடன் பேசுகிறார்கள் எனக் கொள்வோம். மொத்தம் 3,000 நிமிடம். அறுபதால் வகுத்தால் 50. அதாவது எந்த வேளையிலும் சராசரியாக 50 பேச்சுகள் நடக்கின்றன. 50 தடம் போதாது, ஏனெனில் மக்கள் வரிசையாக வருவதில்லை. 64 தடங்கள் இருந்தால், நூறு அழைப்புகளில் ஒன்று மட்டுமே திரும்பி வரும். ஆயிரம் வீட்டுக்கு 64 தடம்! இது கஞ்சத்தனம் அன்று. சாதாரண நாளுக்குச் செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடு.

இனி, ஓர் அச்சச் செய்தி ஊருக்குள் நுழைகிறது. அழைப்புகள் இருமடங்கானால், அதே 64 தடங்களில் நூற்றுக்கு 38 அளவில் திரும்பி வரும். பத்து மடங்கானால் நூற்றுக்கு 87 திரும்பி வரும். திரும்பி வந்தவர் சும்மா இருப்பாரா? உடனே மறுபடி சுழற்றுவார். அந்த மறு அழைப்பும் கணக்கில் சேரும். எக்ஸ்சேஞ்சில் ஓர் அழைப்பு தோல்வியடைவதற்கும் வேலை இருக்கிறது: டயல் டோன் தர வேண்டும், எண்களை வாங்க வேண்டும், தடம் தேட வேண்டும், இல்லையென்று சொல்ல வேண்டும். இப்படிப் பயனற்ற வேலையிலேயே இயந்திரம் களைத்துப் போய், கிடைக்கக்கூடிய சில இணைப்புகளும் கிடைக்காமல் போகும். ரிசீவரை எடுத்தால் டயல் டோனே வரவில்லை என்று அத்தகைய நாட்களில் பலர் பதறியதுண்டு. கருவி பழுதாகவில்லை, டோனுக்காக வரிசையில் நின்றிருந்தார்கள், அவ்வளவே. பொறுத்திருந்தால் வந்திருக்கும். கொக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு தட்டிலும் வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, அந்நகரை நோக்கிய அழைப்புகள் வழக்கமான உச்ச அளவைப் போல் சுமார் 50 மடங்காயின என்று பதிவாகியுள்ளது. ஐம்பது மடங்குக்கு எந்த நாடும் தடம் போட முடியாது. 1989 அக்டோபரில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்புகளைப் பெருமளவு தடுத்து, உள்ளிருந்து வெளியே செல்லும் அழைப்புகளுக்கு வழிவிட்டார்கள். இதில் ஓர் அறிவு இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் பத்துப் பேர் ஒருவரைத் தேடி நூறு முறை அழைப்பார்கள். உள்ளே இருக்கும் அந்த ஒருவர் ஒரே முறை அழைத்து "நலமாயிருக்கிறேன்" என்று சொன்னால் பத்துப் பேரும் அடங்கி விடுவார்கள்.

இதையெல்லாம் நான் பயிற்சி வகுப்பில் ஓரளவு படித்திருந்தேன். ஆனால் படித்தது விளங்கியது 1997 ஏப்ரல் 15 அன்றுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஹிஜ்ரி 1417, துல்ஹஜ் பிறை 8. ஹாஜிமார்கள் மினாவில் கூடியிருந்த பகற்பொழுதில் கூடாரங்களில் தீப்பிடித்தது. பலமான காற்று வேறு. துணிக் கூடாரங்கள் சுமார் 70,000 எரிந்து போயின. 343 பேர் இறையடி சேர்ந்தனர். 1,500 பேருக்கு மேல் காயமுற்றனர். அவர்களில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஹாஜிமார்கள் மிகுதி. சமையல் அடுப்பிலிருந்து தீ பரவியதாகச் சொல்லப்பட்டது. பின்னாட்களில் மினாவில் சமையல் எரிவாயுவுக்குத் தடை வந்ததும், தீப்பற்றாத கூடாரங்கள் நிலையாக அமைந்ததும் அந்நிகழ்ச்சியின் விளைவுகளே. ஆனால் இந்த எண்ணிக்கைகள் எவையும் அன்று மாலை எங்களுக்குத் தெரியா. "மினாவில் தீ, ஹாஜிகள் பலர் மவுத்து" என்ற ஒற்றை வரி மட்டுமே வானொலி வழியாக ஊருக்கு வந்தது.

எங்கள் ஊரிலிருந்து அவ்வாண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் சென்றிருந்தனர். என் ராத்தாவும் மச்சானும் அவர்களில் இருவர். எனக்கு அன்று இரவுப் பணி. உம்மாவிடம் ஸலாம் சொல்லிப் புறப்பட்டபோது அவர்கள் முஸல்லாவில் அமர்ந்திருந்தார்கள். "நீ உள்ளே இருக்கிற ஆளு. உனக்காவது லைன் கிடைக்கும்ல வாப்பா?" என்று கேட்டார்கள். நான் மறுமொழி சொல்லாமல் மிதிவண்டியை எடுத்தேன்.

எக்ஸ்சேஞ்சின் வாயிலில் ஏற்கெனவே கூட்டம். துப்பட்டி போர்த்திய பெண்கள் கைக்குழந்தைகளுடன் நின்றனர். பஜாரில் மஞ்சள் பலகை மாட்டிய பூத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து, மீட்டரில் ஒரு பல்ஸ்கூட விழாமல் திரும்பி வந்தவர்கள் அவர்கள். உள்ளே நுழைந்து வெளிநாட்டுத் தடங்களின் நிலையைப் பார்த்தேன். எல்லாத் தடங்களும் நிறைந்திருந்தன. ஆனால் சாதாரண நாட்களில் ஒரு தடம் பிடிபட்டால் மூன்று, நான்கு நிமிடம் பேச்சு நடக்கும். அன்றோ பிடிபட்ட தடம் சில விநாடிகளில் விடுபட்டு, அடுத்த விநாடியே மற்றொருவரால் பிடிபட்டது. நிறைந்திருந்தது தடம், பேச்சில்லை. மாநிலம் முழுவதிலுமிருந்து, ஏன், நாடு முழுவதிலுமிருந்தும் அழைப்புகள் பெருநகரங்களின் சர்வதேச நிலையங்களை முட்டிக் கொண்டிருந்தன. தப்பிப் பிழைத்துக் கடல் கடந்தவையோ மறுகரையில் எங்கேஜ்ட் ஒலியைக் கேட்டுத் திரும்பின.

என் மேலதிகாரி வயதில் மூத்தவர். நெற்றி நிறைய திருநீறு அணியும் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து விட்டு, "பாய், உங்க அக்கா அங்கதானே இருக்காங்க. முதல்ல நீங்க முயற்சி பண்ணுங்க" என்றார். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அந்த விரைவொலிதான். உள்ளேயிருப்பவனுக்கென்று தனித் தடம் எதுவும் இல்லை என்பதை வெளியே நிற்பவர்களிடம் சொன்னால் நம்புவார்களா? நம்பவில்லை. ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக் கொண்டு ஒரு தாளைத் திணித்தார். மகளின் பெயர், முஅல்லிம் எண், ஜித்தாவிலுள்ள ஒரு தொலைபேசி எண். அடுத்தவர் தந்த தாளிலும் அதே ஜித்தா எண். அதற்கடுத்ததிலும் அதுவே.

மினாக் கூடாரங்களில் தொலைபேசி ஏது? எனவே ஊர்க்காரர் எல்லாரும், ஜித்தாவில் வேலை பார்த்து வந்த எங்களூர்ச் சகோதரர் மூன்று நான்கு பேரைத்தான் தேடிக் கொண்டிருந்தனர். ஊர் முழுவதும் நான்கு மணிகளை ஒரே நேரத்தில் அடித்துக் கொண்டிருந்தது. இதைக் கண்டு சொன்னது, தொழில் அறிந்த நான் அல்லேன். கூட்டத்தில் நின்ற என் பெரிய மாமி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். என் கையிலிருந்த தாள்களைப் பார்த்து விட்டு, "எல்லாரும் ஒரே காக்காவுக்குத்தானே அடிக்கிறீங்க? அவன் ரெண்டு காதை வச்சிக்கிட்டு எத்தனை பேருக்குப் பதில் சொல்லுவான்? அவன் போனை வச்சிட்டு மினாவுக்குப் போய்ப் பாக்கிறது எப்போ?" என்றார்கள்.

பிறகு நடந்தது விரைவாக நடந்தது. ஜமாஅத்தார் கூடினர். எல்லா வீடுகளிலிருந்தும் பெயரும் முஅல்லிம் எண்ணும் வாங்கி ஒரே தாளில் எழுதினர். இஷாவுக்குப் பின் பள்ளியின் ஒலிபெருக்கியில் இமாம் அவர்கள் பேசினார்கள்: ஜித்தாவுக்கு எவரும் தனித்தனியே அழைக்க வேண்டாம், ஜமாஅத் சார்பில் ஒரே அழைப்பு செய்யப்படும், வரும் செய்தி இதே ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். பூத் வைத்திருந்த சகோதரர் தம் கருவியை ஜமாஅத்துக்கென ஒதுக்கி, கட்டணம் வேண்டாமென்றார். எல்லாரும் கட்டுப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திக் கொண்டு சுழற்றியவர்களும் உண்டு. பெற்ற வயிறு அப்படித்தான். ஆயினும் ஊரின் பாதி அழைப்பாவது நின்றிருக்கும். அது கடலில் ஒரு குவளை என்பதை நான் அறிவேன். தமிழகத்தின் எல்லா ஊர்களும் அப்படிச் செய்திருந்தால் நிலைமை வேறு.

நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் இணைப்புக் கிடைத்தது. நான்கு நிமிடம். ஜித்தாச் சகோதரர் எல்லாப் பெயர்களையும் எழுதிக் கொண்டார். "நான் மக்கா போறேன். முஅல்லிம் ஆபீசு, ஆஸ்பத்திரி எல்லாம் பாத்துட்டு நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் இந்த நம்பரைக் காலியா வைங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் அருமையைத் தொலைபேசித் துறையில் இருந்தவன் என்ற முறையில் எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். பூத்தில் இரு இளைஞர்கள் முறை வைத்துக் காவலிருந்தனர், எவரும் அக்கருவியைத் தொடாதபடி.

இடையில் ஒரு வதந்தி புறப்பட்டது. எங்களூர் ஹாஜிமார்கள் தங்கியிருந்த கூடார வரிசையே மிஞ்சவில்லை என்று, யாரோ பக்கத்து ஊரில் கேட்டதாகச் சொன்னார்கள். எங்கிருந்து பிறந்ததென்று எவருக்கும் தெரியவில்லை. சில வீடுகளில் அழுகுரல் எழுந்து விட்டது. உண்மைச் செய்திக்கு வழியடைபட்டிருக்கும்போது பொய்ச் செய்திக்கு மட்டும் எந்த நெரிசலும் இல்லை என்பதை அன்று கண்டேன். அச்சம் தரும் செய்தியோ பாதுகாப்புச் செய்தியோ வந்தால் அதை உடனே பரப்பி விடுவோரைப் பற்றி, பொறுப்புடையோரிடம் கொண்டு செல்லும்படி, சூரா அந்நிஸாவின் 83-ஆம் வசனம் பேசுவதை ஆலிம்கள் நமக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். இமாம் அவர்கள் சுப்ஹுக்குப் பின் அதைத்தான் எடுத்துச் சொல்லி, ஒலிபெருக்கியில் வராத எதையும் நம்ப வேண்டாமென்று கேட்டுக் கொண்டார்கள்.

மறுநாள், அவர்களுக்கு அரஃபா நாள். அஸர் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் பூத்தின் மணி ஒலித்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் பள்ளியிலிருந்து படிக்கப்பட்டன. ஒரு பெயர் படித்ததும் ஒரு வீட்டிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்ற குரல் கேட்கும். அடுத்த பெயருக்கு அடுத்த தெருவிலிருந்து கேட்கும். ராத்தா, மச்சான் பெயர்கள் ஒன்பதாவதும் பத்தாவதுமாக வந்தன. உம்மா முஸல்லாவை விட்டு எழவில்லை. மீதிப் பெயர்களும் படிக்கப்படட்டும் என்று கையால் சைகை காட்டினார்கள்.

மூன்று பெயர்கள் படிக்கப்படவில்லை. இரண்டு பெயர்களுக்குரியோர் நலமென்று பெருநாளன்று தகவல் வந்தது. மூன்றாமவர் வயோதிகர், அங்கேயே நல்லடக்கம் ஆனார்கள். அல்லாஹ் அவர்களுக்கு ஷஹீதின் அந்தஸ்தை அருள்வானாக. அந்தச் செய்தியை ஜமாஅத்தார் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை, தொலைபேசியிலும் சொல்லவில்லை. பெரியவர்கள் ஐவர் நடந்து சென்று, அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னார்கள். இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள்.

ராத்தா ஊர் திரும்பிய பின் தம் பங்குக் கதையைச் சொன்னார்கள். தீயிலிருந்து ஓடி மலைச்சரிவில் ஏறி நின்றிருக்கிறார்கள். பின்னர் மச்சான் ஒரு தொலைபேசிக் கபீனாவின் வாசலில் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறார். வரிசையில் முன்னும் பின்னும் பல நாட்டவர், மொழி தெரியாது, எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லத்தான் நின்றனர். அவர் முறை வந்தபோது எண்ணைச் சுழற்றினார். இந்தியாவுக்குத் தடம் கிடைக்கவில்லை. அந்நேரம் நான் இங்கிருந்து அவர்களைத் தேடிச் சுழற்றிக் கொண்டிருந்தேன்.

இதைக் கேட்ட பின்னர் எனக்குள் ஓர் எண்ணம் ஊன்றி விட்டது. அன்றிரவு நாங்கள் கேட்ட அந்த விரைவொலி மரணத்தின் ஒலியன்று. இலட்சக்கணக்கான ஹாஜிமார்கள் பிழைத்திருந்தனர். அவர்கள் வீட்டாரைத் தேட, வீட்டார் அவர்களைத் தேட, அந்தத் தேட்டமே தடத்தை அடைத்திருந்தது. அதற்காக இதயம் பதறாமல் இருந்து விடுமா என்று கேட்பீர்கள். இருக்காது. என் இதயமும் இருக்கவில்லை.

எல்லா மௌனமும் இப்படிப்பட்டதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்த பின் அங்கிருந்த நம் பிள்ளைகளின் குரல் வாரக்கணக்கில் கேட்கவில்லை. அது நெரிசல் அன்று, தொடர்பே அறுந்திருந்தது. அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேரளவில் இந்தியர் மீட்கப்பட்டு வந்து சேரும்வரை பல வீடுகளில் செய்தியென்று எதுவுமில்லை. அத்தகைய நேரத்தில் எத்தனை பேர் அழைப்பைக் குறைத்தாலும் பயனில்லை. துஆ ஒன்றே வழி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தபோது திசை மாறியது. அதுவரை இங்கிருந்து அங்கே தேடியவர்கள் நாம். அன்று அங்கிருந்தவர்கள் நம்மைத் தேடினார்கள். அப்போது வளைகுடாவில் ஞாயிறு வேலைநாளாக இருந்தது. தொலைக்காட்சியில் நாகப்பட்டினத்தைக் கண்டவர்கள் வேலையை விட்டுவிட்டு நாகூரையும் காரைக்காலையும் பரங்கிப்பேட்டையையும் அழைத்தார்கள். ஊர்ப்பெயர் எதுவானாலும் "கடலோரம்" என்ற ஒரு சொல் போதும், அழைத்தார்கள். இறந்தோரை அடக்கம் செய்ய நாகூர் தர்காவின் இடம் திறந்து விடப்பட்டதும், பல ஊர் ஜமாஅத்தார் சமய வேறுபாடின்றிச் சோறாக்கிப் போட்டதும் உலகறிந்தவை. அவர்களில் பலரின் சட்டைப்பையில் செல்போன் இருந்தது, பேச்சுக்குத் தடமில்லை. ஆனால் அன்று ஒரு புதிய வழி தென்பட்டது. குறுஞ்செய்தி. பேச்சுக்கு ஒரு தடத்தை நிமிடக்கணக்கில் பிடித்து வைக்க வேண்டும். குறுஞ்செய்தியோ ஒரு நொடிக்குள் அடங்கும் சிறு பொட்டலம். வழியில்லையேல் இடையிலுள்ள நிலையத்தில் காத்திருந்து, வழி கிடைத்ததும் போய்ச் சேரும். மணிக்கணக்கில் தாமதமானாலும் சேர்ந்தே விடும் வாய்ப்பு அதிகம். "எல்லாரும் நலம்" என்ற இரண்டே சொற்கள் போதுமென்று அறிந்திருந்தவர்கள் பிழைத்துக் கொண்டார்கள்.

ஜப்பானியர் இதில் நம்மைவிட முந்தியவர்கள். கோபே அனுபவத்துக்குப் பின், 1998-இல், 171 என்ற எண்ணை ஏற்படுத்தினார்கள். பேரிடரில் சிக்கியவர் அந்த எண்ணை அழைத்துத் தம் குரலில் நலம் சொல்லிப் பதிவு செய்வார். உறவினர் தமக்கு வசதியான நேரத்தில் அதைக் கேட்டுக் கொள்வார்கள். இருவரும் ஒரே விநாடியில் சந்திக்க வேண்டிய தேவையில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது அங்குள்ள செல்போன் நிறுவனங்கள் பேச்சழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை தாமே தடுத்து நிறுத்தின. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் வழி வேண்டுமே. எங்கள் பெரிய மாமி சொன்னதும், அந்தப் பேரறிஞர்கள் செய்ததும் ஒன்றுதான் என்று நான் வீட்டில் சொல்வதுண்டு. பிள்ளைகள் இதை என் பழைய பல்லவி என்பார்கள்.

இன்று நிலைமை என்ன? பூத்துகள் போய் விட்டன. ஒவ்வொரு ஹாஜியின் கையிலும் செல்போன். 2015 செப்டம்பர் 24-இல் மினாவில் நெரிசல் ஏற்பட்டு, சவூதி அரசின் அறிவிப்பின்படியே 769 பேர் இறந்தபோது, வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. செய்திக்குப் பஞ்சமில்லை, எது உண்மை என்பதற்குத்தான் பஞ்சம். பழைய விரைவொலியின் இடத்தில் இன்று ஒற்றை டிக் வந்து அமர்ந்திருக்கிறது. அனுப்பிய செய்திக்கு இரண்டாவது டிக் விழவில்லையென்று அதையே உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். மின்கலம் தீர்ந்திருக்கலாம், கருவியைப் பையில் வைத்து விட்டுத் தவாபில் இருக்கலாம், ஒரே கோபுரத்தைப் பல்லாயிரம் பேர் பற்றியிருக்கலாம். கோபுரங்களுக்கும் எர்லாங்கின் கணக்கு உண்டு. எண்கள் பெரிதாயினவே தவிர, அனைவரும் ஒரே நேரத்தில் நாடினால் அவையும் திணறும்.

ஆகவே இவ்வாண்டு ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ ஆள் அனுப்பும் வீட்டாரிடம், குறிப்பாக உம்மாமார்களிடம், என் துறை அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கேட்டுக் கொள்கிறேன். புறப்படும் முன்பே, ஊரில் ஒருவர், அங்கே ஒருவர் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஹாஜி அந்த ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதும். அவர் மற்றெல்லா வீட்டுக்கும் சொல்லட்டும். மருமகனுக்கு முதலில் சொன்னார், மகனுக்குச் சொல்லவில்லை என்ற மனத்தாங்கலைத் தயவு செய்து ஒத்தி வையுங்கள். இதனால் பேச்சு வார்த்தை அறுந்த குடும்பங்களையும் நான் அறிவேன். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் என்பதைக் கணக்கிட்டு, இந்த வேளையில் தகவல் வரும் என்று ஒரு நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்நேரத்துக்கு முன் வரவில்லையென்று அஞ்ச வேண்டியதில்லை. கெட்ட செய்தி காதில் விழுந்த கணத்தில் நீங்கள் அழைப்பதைவிட, அங்கிருந்து வரும் அழைப்புக்கு உங்கள் கருவியைக் காலியாக வைத்திருப்பதே மேல். அழைத்தே ஆக வேண்டுமென்றால் பேசாதீர்கள், எழுதுங்கள். அதையும் சுருக்கமாக எழுதுங்கள்.

எங்கள் ஜமாஅத் அலுவலகத்தில் இன்றும் ஹஜ்ஜுக்குச் செல்வோரின் பெயரும் எண்களும் ஒரே தாளில் எழுதி வாங்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அத்தாளின் அடியில், "லைன் கிடைக்காவிட்டால் உடனே மறுபடி அடிக்க வேண்டாம், அரை மணி நேரம் விட்டு ஒரு முறை" என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். இளைஞர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெண்கள் மட்டும் நகல் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.